பார்லே: ஓர் ஊர், இரு சபைகள்

(பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லை வகுத்தால் பகை வளரும் என்றும், அதிகாரத்தைப் பகிர்ந்தால் நாடு பிளவுபடும் என்றும் நமக்குப் பல்லாண்டுகளாகப் போதிக்கப்பட்டு வந்திருக்கிறது. இப்போதனைக்குக் கோட்பாட்டு முறையில் மறுமொழி கூறியவர் பலர். நான் இன்று கோட்பாடு எதுவும் பேசப் போவதில்லை. ஏறத்தாழ ஏழாயிரம் மக்கள் வாழும் ஓர் ஒல்லாந்து ஊராட்சியைப் பற்றியும், அதன் வயிற்றுக்குள்ளேயே துண்டுதுண்டாகக் கிடக்கும் மூவாயிரம் மக்களின் மற்றோர் ஊராட்சியைப் பற்றியும் பேசுவேன். முன்னதன் பெயர் பார்லே-நசாவ். அது ஒல்லாந்துக்கு உரியது. பின்னதன் பெயர் பார்லே-ஹெர்டொக். அது பெல்ஜியத்துக்கு உரியது. ஊர் ஒன்று, நாடு இரண்டு.

ஒல்லாந்தர் நமக்கு அறியாதவர் அல்லர். 1658ஆம் ஆண்டிலிருந்து 1795ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணம் அவர்கள் ஆட்சியில் இருந்தது. நமது தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுப்பித்தவர்களும் அவர்களே. நம் முன்னோரின் காணிகளைத் தோம்பில் எழுதி வைத்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற உரோமன்-ஒல்லாந்துச் சட்டம் இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. நம் காணியை எழுதிய கைகள் தங்கள் சொந்தக் காணியை எவ்வாறு எழுதின என்று பார்ப்பதில் நமக்கு ஆவல் இருப்பது இயல்பே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பார்லே-நசாவ் ஒல்லாந்தின் தெற்கிலே, வட பிரபாண்ட் மாகாணத்தில் உள்ளது. வடக்கே பிரேடா, தில்பர்க் என்னும் நகரங்கள். தெற்கே, எல்லைக்கு அப்பால், பெல்ஜியத்தின் துர்ன்ஹௌட் நகரம். ஊராட்சியின் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீற்றர். பார்லேயை விட உலிகோட்டன், காஸ்டெல்ரே என்னும் சிற்றூர்களும் அதனுள் அடங்கும். ஒல்லாந்து என்றவுடன் கடலை வழிமறித்த அணையும், நீரை இறைத்து மீட்ட தாழ்நிலமும், காற்றாலையும் நம் நினைவுக்கு வரும். பார்லேயில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. அது கெம்பன் எனப்படும் மணற்பாங்கான உள்நாட்டுப் பிரதேசம். மண்ணிலே சாரம் குறைவு. பழங்காலத்தில் பெரும்பகுதி புதர்க்காடாகக் கிடந்தது. கமக்காரர் அப்புதர் நிலத்தின் மேல்மண்ணைப் பற்றையோடு வெட்டி எடுத்து, தொழுவத்திலே பரப்பி, மாட்டெருவில் ஊறவிட்டு, அதன் பின் வயலுக்கு இட்டனர். நம் தோட்டக்காரர் குழை தாழ்த்து மண்ணை வளப்படுத்துவது போன்றதே அது. பல நூற்றாண்டுகள் இவ்வாறு உழைத்ததனால் ஊரைச் சுற்றியுள்ள பழைய வயல்கள் அயல்நிலத்தைவிட உயர்ந்து, கறுத்த வளமண் பூண்டன. இக்காலத்தில் அங்கு பால்மாடும் சோளமும் புல்நிலமும் மிகுதி.

விளைநிலம், புதர்நிலம் என்ற இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் துண்டானதன் மூலகாரணம் அதுதான்.

1198ஆம் ஆண்டளவில் பிரபாண்டின் கோமகன் முதலாம் ஹென்றி, பிரேடாவின் பிரபுவோடு ஓர் உடன்படிக்கை செய்தான். பார்லேப் பகுதியில் ஆளில்லாத தரிசு நிலத்தைப் பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தான். ஆனால் குடிகள் வாழ்ந்து, பயிரிட்டு, வரி செலுத்திய நிலங்களைத் தனக்கே வைத்துக்கொண்டான். தரிசைத் தந்து விளைநிலத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் ஒன்றுதான் போலும்! விளைநிலங்களோ ஒரே தொகுதியாக இருக்கவில்லை. இங்கொரு வயல், அங்கொரு வளவு, அப்பால் ஒரு தோப்பு எனச் சிதறிக் கிடந்தன. கோமகனின் நிலம் பார்லே-ஹெர்டொக் ஆயிற்று. ஹெர்டொக் என்பதன் பொருள் கோமகன் என்பதே. பிரேடாப் பிரபுத்துவம் 1403இல் திருமண வழியாக நசாவ் குடும்பத்தைச் சேர்ந்தபின், மற்றைய நிலம் பார்லே-நசாவ் எனப் பெயர் பெற்றது.

இரு பிரபுக்களின் வரித் தகராறாக இருந்தவரை இதனாற் பெருந்தொல்லை எழவில்லை. 1648இல் மூன்ஸ்டர் சமாதானத்தினால் ஒல்லாந்துக் குடியரசு ஸ்பானியரிடமிருந்து பிரிந்தபோது, பிரேடா குடியரசின் பக்கமும், கோமகன் வழிவந்த நிலங்கள் ஸ்பானியர் பக்கமும் சேர்ந்தன. 1830இல் பெல்ஜியம் ஒல்லாந்திடமிருந்து விடுபட்டுத் தனிநாடாயிற்று. பழைய வயலெல்லை அரசெல்லையாக மாறிற்று. 1843இல் இரு அரசுகளும் மாஸ்ட்ரிக்ட் நகரில் எல்லை உடன்படிக்கை செய்தன. கடற்கரை நோக்கிச் செல்லும் அவ்வெல்லை முழுவதும் கற்கள் நாட்டி இலக்கமிடப்பட்டது. பார்லேயை அடைந்ததும் ஆணையாளர்கள் கைவிட்டார்கள். 214ஆம் கல்லுக்கும் 215ஆம் கல்லுக்கும் இடையே கோடு வரையவில்லை; அவ்விடத்தில் உள்ள நிலை உள்ளபடியே தொடரும் என்று எழுதினார்கள். கோட்டுக்குப் பதிலாக, ஒவ்வொரு காணித் துண்டும் எந்த ஊராட்சிக்கு உரியது என்ற பட்டியலையே எல்லையாகக் கொண்டார்கள்.

இன்று பார்லே-ஹெர்டொக்கின் 22 துண்டுகள் ஒல்லாந்து மண்ணால் முற்றாகச் சூழப்பட்டுள்ளன. அத்துண்டுகளுக்குள்ளேயும் ஒல்லாந்துத் துண்டுகள் ஏழு உள்ளன. மேலும் ஓர் ஒல்லாந்துத் துண்டு பெல்ஜியத்தின் பெருநிலத்துக்குள் கிடக்கிறது. அவற்றுட் பெரியது சுமார் 150 ஹெக்டேயர். சில, நம் ஊரில் ஓரிரு வளவுகளின் அளவே. நடைபாதைகளில் வெண்குறுக்கு அடையாளமிட்டு எல்லை காட்டப்பட்டுள்ளது. எல்லை வீட்டின் நடுவே சென்றால் வாசற்கதவு எந்நாட்டில் இருக்கிறதோ அந்நாட்டுக்கே வீடு உரியதாகக் கொள்வது வழக்கம். எல்லை கதவின் நடுவே சென்ற வீடும் உண்டு. அதற்கு இரு நாட்டு இலக்கங்களும் இருக்கின்றன. நம்மூரிலே படலையை ஒரு முழம் தள்ளி வைத்ததற்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நான் அறிவேன். அங்கு கதவைத் தள்ளி வைத்தால் நாடே மாறிவிடும்.

இவற்றைக் கேட்டு நகைக்கத் தோன்றும். ஆனால் முதல் உலகப் போரில் இத்துண்டுகள் நகைப்புக்குரியனவாக இருக்கவில்லை. 1914இல் ஜெர்மானியர் பெல்ஜியத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றினர். பார்லே-ஹெர்டொக்கின் துண்டுகளை அடைய வேண்டுமெனின் நடுநிலை நாடாகிய ஒல்லாந்தின் மண்ணை அவர்கள் மிதித்தாக வேண்டும். அதனைச் செய்யத் துணியவில்லை. அகதிகள் அங்கு வந்து நிரம்பினர். 1915இல் பெல்ஜியர் அங்கே கம்பியில்லாத் தந்தி நிலையமொன்றை நிறுவினர். பகைவன் பிடித்த நாட்டின் ஒரு மூலையில், வயலளவான நிலத்தில், அவர்களது கொடி இறங்காது நின்றது. காகிதத்தில் எழுதிய எல்லைக்கு இவ்வளவு வலிமை உண்டு, அதனை மதிப்பவர் இருக்கும் வரை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த வழக்கிற்கு வருகிறேன். சட்டம் பயின்றவன் ஆதலால் சற்று விரித்துரைப்பேன், பொறுத்தருள வேண்டும். கமக்காரர்களாகிய நீங்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

1843ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்னர், பட்டியலை ஆயத்தம் செய்தவர்கள் தலைநகரத்து அதிகாரிகள் அல்லர். இரு ஊராட்சிகளின் முதல்வர்களுமே கூடியிருந்து, காணி காணியாக, இது உனது, இது எனது என்று எழுதினார்கள். அவ்வூர்க் குறிப்பு 1841 மார்ச் மாதத்தில் ஒப்பமிடப்பட்டது. அதன் ஒல்லாந்துப் பிரதியில், ஒரு பிரிவின் 78 முதல் 111 வரையான துண்டுகள் பார்லே-நசாவுக்கு உரியன என்று இருக்கிறது. 1843ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு சேர்ந்த விவரணக் குறிப்பிலோ, 78 முதல் 90 வரை பார்லே-நசாவுக்கு; 91, 92 பார்லே-ஹெர்டொக்குக்கு; 93 முதல் 111 வரை மீண்டும் பார்லே-நசாவுக்கு என்று இருக்கிறது. இடையில் இரண்டு துண்டுகள் மட்டும் கைமாறிவிட்டன. எழுதியவன் கை தவறியதா, வேண்டுமென்றே திருத்தியதா? இதுவே கேள்வி.

இரு அரசுகளும் இவ்வழக்கை 1957இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் வைக்க இணங்கின. ஒல்லாந்தின் வாதம் மூன்று படிகளாக அமைந்தது. 1843ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்த நிலையை உறுதி செய்ததேயன்றிப் புதிதாக எதையும் தீர்மானிக்கவில்லை என்றனர். தீர்மானித்தது எனினும், அத்தீர்மானம் ஒரு தவற்றில் எழுந்தது என்றனர். இவ்விரண்டும் தோற்றாலும், அதன் பின் ஏறத்தாழ நூறாண்டுகளாக அத்துண்டுகளை ஆண்டவர் நாமே என்றனர். நில அளவைப் பதிவேட்டில் அவை ஒல்லாந்துக் காணிகளாகவே பதியப்பட்டிருந்தன. உறுதிகள் அங்கேயே பதியப்பட்டன. அக்காணிகளில் நிகழ்ந்த பிறப்பு, இறப்பு, விவாகம் யாவும் பார்லே-நசாவின் ஏடுகளில் ஏறின. நிலவரியையும் ஒல்லாந்தே அறவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

நம் வீட்டுத் திண்ணையில் இந்த வாதத்தைக் கேட்டால் முக்காற்பங்கினர் தலையசைத்துவிடுவர். வரி கட்டிய சிட்டை இருக்கிறது, பதிவு இருக்கிறது, காணி அவனதுதானே என்பர். நீதிமன்றம் அவ்வாறு தலையசைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆம் திகதி, பத்து நீதிபதிகள் ஒரு புறமும் நால்வர் மறு புறமுமாகத் தீர்ப்பு வழங்கி, 91, 92 என்னும் துண்டுகளின் இறைமை பெல்ஜியத்துக்கே உரியது என்றது. உடன்படிக்கை அவ்விரு துண்டுகளின் உரித்தைத் தீர்மானித்தே இருந்தது. தவறு என்ற வாதம் நிரூபிக்கப்படவில்லை. எஞ்சிய மூன்றாவது வாதத்துக்கு நீதிமன்றம் கூறிய விடைதான் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. அச்செயல்கள் பெரும்பாலும் உள்ளூர் உத்தியோகத்தர் அன்றாடம் செய்யும் வழமையான நிருவாகச் செயல்கள். உடன்படிக்கைக்கு மாறாகத் தன் பதிவேட்டில் அத்துண்டுகளை ஒல்லாந்து சேர்த்துக்கொண்டதன் விளைவாகவே அவை நிகழ்ந்தன. அவற்றால் பெல்ஜியத்தின் உரித்து அழிந்துவிடாது என்பதே அதன் சாரம். ஒருவன் தானே பிழையாக எழுதிய ஏட்டைத் தானே சாட்சியாக நிறுத்த முடியாது என்று நான் அதனை விளங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இத்தீர்ப்பைப் பாதியிலே நிறுத்திக் கைதட்டுவது அறிவுடைமை ஆகாது. பெல்ஜியம் ஏன் வென்றது? அது உறங்கிக் கிடக்கவில்லை. அதன் படைத்துறை வரைபடங்கள் அத்துண்டுகளைப் பெல்ஜிய நிலமாகவே காட்டி வந்தன. அதன் நில அளவைப் பதிவேடுகளிலும் அவை இருந்தன. 1892இல் அத்துண்டுகளை ஒல்லாந்துக்கு விட்டுக்கொடுக்கும் ஓர் உடன்படிக்கையில் பெல்ஜியம் ஒப்பமிட்டது. அது உறுதிப்படுத்தப்படாமல் வலுவிழந்தது. ஆயினும் விட்டுக்கொடுக்கிறேன் என்பவன் தன்னுடையது என்று சொல்கிறான் அன்றோ? அதனை ஏற்றுக் கையொப்பமிட்டவனும் அவ்வாறே அறிந்திருக்கிறான் அன்றோ? நீதிமன்றமும் அவ்வாறே கண்டது. அக்காலத்து மாபெரும் சட்ட அறிஞருள் ஒருவரான லோட்டர்பாக்ட் மற்றத் தரப்பிலே நின்றார் என்பதையும் மறைக்க மாட்டேன். ஏடுகளிலே முரண்பாடு இருப்பதால் அவ்விடத்து உடன்படிக்கைக்கு வலுவில்லை; நூறாண்டு தடையின்றி நடந்த உள்ளூர் நிருவாகமே முடிவு சொல்ல வேண்டும் என்றார் அவர். அவர் வாதம் இலேசானதன்று. பெல்ஜியம் தன் ஏடுகளையும் காட்ட இயலாமல் வாய்மூடி இருந்திருப்பின், அவ்வாதம் மேலோங்கியிருக்கவும் கூடும் என்பது என் எண்ணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது இரு அரசுகளுக்கிடையிலான இறைமை வழக்கு. தனியாரின் காணி வழக்கு அன்று. நம் நாட்டிலே தனியார் காணியைத் தடையின்றியும் எதிருரிமையோடும் பத்தாண்டு ஆண்டவன், 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி உரித்துக் கோரலாம். போரினால் இடம்பெயர்ந்து தம் காணிக்கு வழக்காட இயலாதிருந்தோரின் பொருட்டு, 1983 முதல் 2009 வரையான காலத்தைக் கணக்கில் எடாது விடும் சிறப்புச் சட்டமொன்று 2016இல் இயற்றப்பட்டது. ஆகவே ஹேக் தீர்ப்பை நம்பிக் காணியைப் பாராமல் இருந்துவிடாதீர்கள். ஐயம் இருப்பின் ஒரு சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நீதிமன்றம் அமர்ந்திருந்தது ஒல்லாந்தின் மண்ணில். தோற்றதும் ஒல்லாந்து. அத்தீர்ப்பை ஒல்லாந்து ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மைப் பலத்தால் எதனையும் மாற்றலாம் என்று எண்ணும் அரசுகளுக்கு இது விளங்குவது கடினம்.

அதன் பின்னரும் அளவை வேலை முடியவில்லை. துண்டுகளைச் சுற்றி எல்லை முழுமையாக வரையறுக்கப்பட்டது 1995ஆம் ஆண்டிலேதான். அப்போது எவருக்கும் உரியதென எழுதப்படாத ஒரு புல்நிலம் எஞ்சியிருந்தது. அளவு 2,632 சதுர மீற்றர். அதனைச் சூழ முற்றிலும் ஒல்லாந்து மண். அப்படியிருந்தும் அது பெல்ஜியத்துக்கு ஒதுக்கப்பட்டது. இருபத்திரண்டாவது துண்டு அதுவே.

இனி அவ்வூரை ஆளும் முறையைப் பார்ப்போம். பார்லே-நசாவின் சபையில் உறுப்பினர் பதின்மூவர். நான்காண்டுக்கு ஒருமுறை விகிதாசார முறையில் மக்கள் அவர்களைத் தெரிவு செய்கிறார்கள். சபை தெரியும் நிருவாக உறுப்பினரும் மேயரும் சேர்ந்து அன்றாட ஆட்சியை நடத்துகிறார்கள். மேயரை மக்கள் தேர்வதில்லை. சபையின் சிபார்சின் மேல் முடியரசு ஆறாண்டுக்கு நியமிக்கிறது. இந்த முறை எனக்கு உவப்பானதன்று. மக்கள் தெரியாத தலைவனை மேலிருந்து அனுப்பும் வழக்கத்தால் நாம் பட்டது போதும். ஆனால் நியமனம் பெற்ற மேயர் சபையின் நம்பிக்கையை இழந்தபின் பதவியில் நிலைப்பது அங்கு அரிது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒல்லாந்து ஒரு சமஷ்டி நாடன்று, ஒற்றையாட்சி நாடு. ஆயினும் 1851இல் தோர்பெக் என்னும் அரசியலறிஞர் இயற்றுவித்த ஊராட்சிச் சட்டத்தின் வழியில், ஊரின் உள்விவகாரங்களை ஒழுங்கு செய்யும் அதிகாரம் ஊர்ச் சபைக்கே உரியது என்று அரசியலமைப்பே கூறுகிறது. ஊராட்சி ஒன்றைக் கலைப்பதற்கோ புதிதாக ஆக்குவதற்கோ பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அமைச்சர் ஒருவரின் கையொப்பம் போதாது. இதனால் ஊராட்சிகள் அழியாது நின்றன என்று எண்ண வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்து இருநூறு அளவில் இருந்தவை இணைத்து இணைத்து 2023இல் 342 ஆகக் குறைந்துவிட்டன. பணத்துக்கும் பெரும்பாலும் மத்திய அரசின் ஊராட்சி நிதியையே அவை எதிர்பார்க்கின்றன. சொந்த வரியென்று சொல்லத்தக்கது ஆதனவரி. ஒல்லாந்தைப் புகழ்பவர் இதனையும் அறிந்து புகழ வேண்டும்.

வீதியின் மறுபக்கத்து நிலை வேறு. பெல்ஜியமும் நெடுங்காலம் ஒற்றையாட்சி நாடாகவே இருந்தது. பிளெமிஷ் மக்கள் ஒல்லாந்து மொழியையும், வலோன் மக்கள் பிரெஞ்சு மொழியையும் பேசுவோர். முற்காலத்தில் அரசின் மொழி பிரெஞ்சு. பிளெமிஷ் மக்கள் தம் மொழிக்குச் சம இடம் கேட்டு நெடுங்காலம் போராடினார்கள். 1962இல் சட்டத்தின் மூலம் மொழியெல்லை வகுக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக அதிகாரம் பகிரப்பட்டு, 1993இல் பெல்ஜியம் சமஷ்டி நாடு என்று அரசியலமைப்பின் முதல் வாசகத்திலேயே எழுதப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளூராட்சிச் சட்டம் இயற்றும் அதிகாரமும் பிராந்தியங்களுக்குச் சென்றது. எனவே பார்லே-ஹெர்டொக்கின் சபை இன்று இயங்குவது பிளெமிஷ் பாராளுமன்றத்தின் சட்டத்தின் கீழ். ஒரே தெருவில், இப்பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றையாட்சியின் குடி. எதிர்வீட்டுக்காரர் சமஷ்டியின் குடி. இருவர் வீட்டிலும் மொழி ஒன்று, மதம் பெரும்பாலும் ஒன்று. சமஷ்டி வந்ததனால் எதிர்வீட்டுக்காரரின் நாடு சிதறிப் போகவில்லை.

இரு சபைகளும் இரு மேயர்களும் இருப்பதால் அங்கு எல்லாம் இரண்டிரண்டாகக் கிடந்து சீரழிகிறதா என்று கேட்பீர்கள். சில இரட்டையாகத்தான் இருக்கின்றன. நகர மண்டபம் இரண்டு. வரிச் சட்டம், கட்டடச் சட்டம், பாடசாலைச் சட்டம் எல்லாம் இரண்டு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், எல்லைமேல் அமைந்த துணிக்கடை ஒன்றின் பெல்ஜியப் பகுதியை அடைத்துவிட்டு, ஒல்லாந்துப் பகுதியில் மட்டும் வியாபாரம் செய்தார்கள். ஒரே கடை, ஒரே நோய், இரு கட்டளை! வீதியை வெட்டுவது, கழிவுநீர்க் குழாய் இடுவது போன்ற ஒவ்வொரு வேலையும் எல்லையைப் பலமுறை கடக்கும். ஒரு சபை வீம்பு பிடித்தால் மறு சபையின் வேலை நின்றுவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, ஒன்றை மற்றொன்றோடு கரைத்துவிடுவதன்று. ஒல்லாந்து, பெல்ஜியம், லக்சம்பேர்க் ஆகிய மூன்று நாடுகளும் 1986இல் செய்த பெனெலக்ஸ் உடன்படிக்கை, எல்லை கடந்து கூட்டுறவு செய்ய ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. அதன்படி 1998இல் இரு ஊராட்சிகளும் ஒரு பொது அமைப்பை நிறுவின. இரு பக்கத்துப் பிரதிநிதிகளும் அங்கு சமமாக அமர்ந்து பொது வேலைகளைத் தீர்க்கிறார்கள். நூல் நிலையத்தோடு கூடிய பண்பாட்டு நிலையத்தை இரு பக்கத்தாரும் கூட்டாகவே நடத்துகிறார்கள். எல்லை அக்கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. தீயணைப்புப் படையும் இரு நாட்டாரும் சேர்ந்தது. இரு நாட்டுப் பொலிசாரும் ஒரே நிலையத்தைப் பயன்படுத்தியுள்ளனர். பெல்ஜியத் துண்டுகளில் குடியிருக்கும் ஒல்லாந்தர் பலர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரசைகள் என்ற வகையில் அவர்கள் தாம் வாழும் ஊரின் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம்.

ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள். 1959இல் தீர்ப்பு. 1995இல் எல்லை முழுமை பெற்றது. 1998இல் பொது அமைப்பு. என் துணிபு யாதெனின், தன் எல்லையும் அதிகாரமும் எழுத்தில் உறுதியாக உள்ளவனே அயலானோடு அச்சமின்றிக் கைகோக்கிறான். மூவாயிரம் பேரைக் கொண்ட ஹெர்டொக் சபை, தன்னைச் சூழ்ந்து நிற்கும் ஏழாயிரம் பேரின் சபையோடு ஒரே மேசையில் சமமாக அமர்வது, ‘நாளை உன்னைக் கலைத்துவிடுவோம்’ என்று சொல்ல அந்த ஏழாயிரம் பேருக்கும் அதிகாரம் இல்லை என்பதனாலேயே. ஒற்றுமையை முதலில் காட்டு, எல்லையையும் அதிகாரத்தையும் பிறகு பேசலாம் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. பார்லேயில் நடந்தது இதற்கு நேர்மாறு.

நம் நிலை யாது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, ஒரு பிரதேச சபையின் பரப்பைக் குறிப்பதும் மாற்றுவதும் அமைச்சரின் வர்த்தமானிக் கட்டளையினால் ஆகும் காரியங்கள். வட மாகாண சபையின் பதவிக் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. 2023இல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்திலேதான் நடந்தது. இந்த இடைக்காலத்தில் ஏடுகளை எழுதியவர்கள் மக்கள் தெரிந்தவர்கள் அல்லர், உத்தியோகத்தர்கள். உத்தியோகத்தர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் அன்றாட வழமையாக எழுதும் பதிவு, நாளை நம் ஊரின் எல்லைக்குச் சாட்சியாகக் காட்டப்படும். அவ்வேளை நம் கையில் எதிர்ச்சாட்சி என்ன இருக்கிறது?

1841இல் பார்லேயின் இரு ஊர் முதல்வர்களும் தலைநகரத்தின் கட்டளை வரும் வரை காத்திராமல், காணி காணியாகப் பட்டியல் எழுதினார்கள் என்றேன். அதே வேலையை நாமும் செய்யலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் பிரதேச சபையின் எல்லை விவரம் எந்த ஆண்டு வர்த்தமானியில், எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். ஊரின் தரவை, குளம், சுடலை, ஒழுங்கை, கோயில் வீதி ஆகியவற்றுக்குப் பழைய உறுதிகளிலும் நில அளவைப் படங்களிலும் சொல்லப்பட்ட எல்லைகளைத் தனித்தனியே எழுதுங்கள். முதியோர் சொல்வதையும் திகதியிட்டு, அவர்கள் கையொப்பத்தோடு சேர்த்து வையுங்கள். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களும் நில அளவையாளரும் ஓய்வு பெற்ற எழுதுவினைஞரும் இவ்வேலையில் கமக்காரருக்குத் துணை நிற்பார்கள் என்று நம்புகிறேன். ஒவ்வோர் ஊரும் இரு பிரதிகள் எழுதட்டும்; ஒன்று ஊரில் இருக்கட்டும், மற்றொன்றை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.